கையைத் தூக்காத கோச்: தடையில்லாமல் ஓடும் டிரான்சிஷன் ஆட்டத்தைக் கற்றுத்தர ஒரு முழுமையான வழிகாட்டி

கூடைப்பந்து ஆட்டம். ஒரு பெண் ரீபவுண்ட் எடுக்கிறாள், அதாவது கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடிக்கிறாள். பந்து கைக்கு வந்த அந்த நொடியில் எதிரணியின் மூன்று பேர் அவளுக்குப் பின்னால், கூடைக்கடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். முன்னால் இருப்பது இரண்டே பேர். அவள் என்ன செய்கிறாள்? பெஞ்சைத் திரும்பிப் பார்க்கிறாள். கோச் கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டுகிறார். பந்தை முன்னால் கொண்டுபோகும் பாயிண்ட் கார்டு நிதானமாக நடந்து வந்து பந்தை வாங்கிக்கொள்கிறாள். அதற்குள் எதிரணியின் ஐந்து பேரும் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, மூச்சும் வாங்கிக்கொண்டுவிட்டார்கள்.

அந்தக் கோச் நான்தான். இரண்டு விரல் என்றால் எந்த ஆட்டமுறை என்று அணியில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும். முன்னால் இருந்த இரண்டு பேரை மட்டும் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்க நான் சொல்லித்தரவே இல்லை. இந்த வழிகாட்டி அந்தத் தப்பிலிருந்து தொடங்குகிறது. அடிப்படை லே-அப் (கூடைக்கு அருகே ஓடிப்போய்ப் போடுவது), பாஸ், டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போவது) ஓரளவு வந்துவிட்ட எந்த அணிக்கும் இது பொருந்தும். சிறுவர்களா பெரியவர்களா என்பது இரண்டாம் பட்சம்.

எதைக் கற்றுத்தரப் போகிறோம்

எண்ணிக்கையில் நம் ஆட்கள் அதிகமாக இருக்கும் ஓட்டத்தை ஃபாஸ்ட் பிரேக் என்கிறோம். டூ ஆன் ஒன் (நம்மவர் இருவர், எதிரணி ஒருவர்), த்ரீ ஆன் டூ எல்லாம் இதில் அடங்கும். எதிரணியின் ஐந்து பேரும் திரும்பி வந்துவிட்டார்கள், ஆனால் யார் யாரைப் பிடிப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அந்த மூன்று நான்கு நொடிகளில் ஆடுவது இரண்டாவது அலை. இவை இரண்டும் நடுவில் நிற்காமல் அரைக்கோர்ட் ஆட்டத்துக்குள் போய்க் கலந்தால், அதுதான் தடையில்லாத டிரான்சிஷன். “சரி, பிரேக் முடிந்தது, இனி செட் ஆகலாம்” என்று யாரும் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கக் கூடாது.

இதைச் செய்ய வரலாற்றில் இரண்டு வழிகள் உண்டு. அமெரிக்காவின் ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழகத்தில் கோச் சன்னி ஆலன் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் எண் கொடுத்து, எண்ணுக்கு ஒரு பாதை கொடுத்தார். 2 வலது ஓரம், 3 இடது ஓரம் என்று அவரவர் தடத்தில் ஓட வேண்டும். அதைப் பின்பற்றிய கோச் பால் வெஸ்ட்ஹெட், லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழக அணியை 1989-90 சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 122.4 புள்ளி எடுக்க வைத்தார். அதே மனிதர் அதே வேகத்தோடு அடுத்த சீசனில் அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் டென்வர் அணிக்குப் போனார். அங்கே அவருடைய அணி சராசரியாக 130.8 புள்ளி விட்டுக்கொடுத்தது. 82 ஆட்டத்தில் 20 வெற்றிதான். வேகத்தை மட்டும் ஒரு கொள்கையாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியாது.

கோச் மைக் டான்டோனியின் என்.பி.ஏ. அணியான ஃபீனிக்ஸ் சன்ஸ் வேறு வழியில் போனது. 2003-04 சீசனில் 29 ஆட்டம் வென்ற அணி, பாயிண்ட் கார்டு ஸ்டீவ் நாஷ் வந்த அடுத்த சீசனில் 62 வென்றது. அவர்களும் ஓடினார்கள், ஆனால் பாதை எழுதிவைத்து ஓடவில்லை. ஓரங்களை விரித்து வைத்துவிட்டு, மிச்சத்தை நாஷின் கண்ணிடம் விட்டுவிட்டார்கள். உங்களிடம் நாஷ் இல்லை. என்னிடமும் இல்லை. அதனால் நடுவழி: இடங்கள் நிலையாக இருக்கட்டும், அந்த இடத்தை யார் பிடிப்பது, அங்கே போய் என்ன செய்வது என்பது திறந்திருக்கட்டும். இனி வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைப்பவை.

படி 1: எந்த ஷாட் வேண்டும் என்று முதலில் பேசிவிடுங்கள்

ஓடும் அணியில் சண்டை எப்போதும் ஷாட்டைப் பற்றித்தான் வரும். “ஓடு” என்று சொன்னவுடன் சிலர் “எறி” என்று கேட்டுக்கொள்வார்கள். ஆகவே முதல் பயிற்சிக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். என் அணிக்கு நான் சொல்வது இது: லே-அப் எப்போதும் சரி. கால் ஊன்றி, முன்னால் கை இல்லாமல் எறியும் த்ரீ (மூன்று புள்ளி ஷாட்), அதைப் பயிற்சியில் போட்டுக்காட்டியவருக்குச் சரி. ஓட்டத்தில் நின்று, ஒருவர் முகத்துக்கு மேல் எறியும் இரண்டு புள்ளி ஷாட், ஷாட் எறியத் தரும் 24 நொடியில் 18 மிச்சமிருக்கும்போது யாருக்குமே சரியில்லை. நான்காவது ஒரு வகையைச் சேர்க்காதீர்கள். விதி நீண்டால் ஓடும்போது யாருக்கும் நினைவுக்கு வராது.

படி 2: ஓட்டம் ரீபவுண்டில் தொடங்குகிறது

பாஸ்டன் செல்டிக்ஸ் 1957 முதல் 1969 வரை 13 சீசன்களில் 11 பட்டம் வென்றது. அந்த ஓட்டத்தின் ஊற்று பில் ரஸல். தடுத்தார், ரீபவுண்ட் எடுத்தார், பாப் கூஸி போன்றவர்கள் கைக்குப் பந்தை உடனே சேர்த்தார். பந்தே கைக்கு வராத அணி எங்கே ஓடும்? சில கோச்சுகள் எதிரணி ஷாட் எறிந்தவுடன் ஒருவரை முன்னால் ஓடவிடுவார்கள். ரீபவுண்டில் நீங்கள் பலசாலியாக இருந்தால் அது பரவாயில்லை. மற்றபடி ஐந்து பேரும் உடம்பை வைத்து அடைத்து, பந்து உறுதியாகக் கைக்கு வந்தபின் ஓடுவதையே நான் விரும்புகிறேன். எதிரணிக்கு இரண்டாவது வாய்ப்பு கொடுத்துவிட்டு அடுத்த கூடைக்கு ஓடி என்ன பயன்?

பந்தைப் பிடித்தவர் செய்ய வேண்டியது: பிடிக்கும்போதே காற்றில் பாதி திரும்பி, அருகில் இருக்கும் ஓரக்கோட்டைப் பார்த்தபடி இறங்குவது. தாடைக்குக் கீழே பந்து, முழங்கை வெளியே. பிறகு மூன்று பார்வை, இதே வரிசையில். முதலில் தொலைவு: யாராவது தனியாக ஓடுகிறாரா? இல்லையென்றால் அவுட்லெட், அதாவது ஓரத்தில் காத்திருப்பவருக்கு முதல் பாஸ். அதுவும் அடைபட்டிருந்தால் தானே இரண்டு டிரிபிள் அடித்துக் கூட்டத்தை விட்டு வெளியே வருவது. மூன்றாவதை உயரமான ஆட்டக்காரர்களுக்குக் கட்டாயம் கற்றுக்கொடுங்கள். “நீ பெரிய ஆள், பந்தைத் தரையில் தட்டாதே” என்று பழக்கிவைத்த அணியை நிறுத்த, அவுட்லெட் மேல் ஒருவரை ஒட்டிவைத்தாலே போதும்.

அவுட்லெட் வாங்குபவர் நிற்கும் கோணம் சின்ன விஷயம்போலத் தோன்றும். முதுகு ஓரக்கோட்டைப் பார்த்திருக்க வேண்டும். ஃப்ரீ த்ரோ லைன் உயரத்திலோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ இருக்க வேண்டும். அப்போது பந்து வரும் திசையும் போக வேண்டிய திசையும் ஒரே பார்வையில் விழும். எதிர்க் கூடைக்கு முதுகைக் காட்டி வாங்கினால் திரும்புவதற்கே ஒரு நொடி போய்விடும். பின்னால் வருபவர் மேல் மோதிச் சார்ஜிங் ஃபவுல் வாங்குவதும் அப்படித்தான் நடக்கிறது.

எதிரணி கூடை போட்ட பிறகும் இதே ஓட்டம்தான். பெரும்பாலான அணிகள் இங்கே தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். நம்மில் அருகில் இருக்கும் உயரமானவர் பந்து தரையைத் தொடுமுன் வலையிலிருந்து பிடித்து, இரண்டு காலையும் கோட்டுக்கு வெளியே வைத்து எறிய வேண்டும். போர்டுக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம், நீளப் பாஸ் போர்டில் பட்டுத் திரும்பும். கூடை விழுந்த பிறகு கடைக்கோட்டுக்குப் பின்னால் அந்த ஆள் ஓடிக்கொண்டே எறியலாம் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியில் 24 நொடியும், நடுக்கோட்டைக் கடக்கத் தரும் 8 நொடியும், உள்ளே இருப்பவர் பந்தைத் தொட்ட பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். ஆனால் எதிரணியின் கால்கள் அதற்கு முன்பே திரும்பி ஓட ஆரம்பித்திருக்கும். நாம் போட்டிபோடுவது அந்தக் கால்களோடு.

படி 3: இடங்களை நிரப்புவது

நிரப்ப வேண்டிய இடங்கள் ஐந்து. பந்து. வலது ஓரம், இடது ஓரம். நேராகக் கூடைக்கு ஓடுபவர், நம் பேச்சில் ரிம் ரன்னர். கடைசியாக, பந்துக்குச் சற்றுப் பின்னால், எதிர்ப்பக்கமாக வரும் டிரைலர்.

எண் கொடுத்துப் பழக்கிய ஒரு சீசனில் நான் கண்ட காட்சி இது. என் 3 எண் பையன் வலது பக்கம் ரீபவுண்ட் போராட்டத்தில் இருந்தான். பந்து எங்களுக்கு வந்தது. அவனுக்கு நேர் முன்னால் வலது ஓரம் முழுவதும் காலி. அவன் என்ன செய்தான் தெரியுமா? கோர்ட்டைக் குறுக்காகக் கடந்து இடது ஓரத்துக்கு ஓடினான், 3-இன் தடம் அதுதானே! அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சொன்னதைத்தான் செய்தான்.

அதற்குப் பிறகு எண்களை எடுத்துவிட்டேன். இப்போது விதி ஒன்றே: உனக்கு அருகில் காலியாக இருக்கும் தடத்தை எடு, அதில் ஏற்கெனவே ஒருவர் முன்னால் ஓடினால் அடுத்ததற்கு மாறு. கடைசியாக வருபவர் தானாகவே டிரைலர் ஆகிவிடுவார், உயரம் பற்றிக் கவலை இல்லை. ஒரு பெரிய ஆள் ஓரத்தில் ஓடினால் அவரைப் பிடிக்க எதிரணியின் பெரிய ஆளும் ஓரத்துக்கு வர வேண்டும். கூடை காலியாகும்.

ஓரத்தில் ஓடுவது என்றால் உண்மையிலேயே ஓரம். ஃபிபா கோர்ட்டின் அகலம் 15 மீட்டர். இரண்டு ஓரமும் கோட்டை ஒட்டி விரிந்தால் நடுவில் நிற்கும் இரண்டு தடுப்பாளர்களால் இரண்டையும் பார்க்க முடியாது. ஆனால் மனித இயல்பு பந்தை நோக்கி வளையும். வளைந்து வளைந்து, ஃப்ரீ த்ரோ லைனுக்கு வரும்போது மூன்று பேரும் ஒரு பாய்க்குள் அடங்கும் தூரத்தில் இருப்பார்கள். இதற்கு நான் கோட்டிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே கூம்புகள் வைத்துவிடுவேன். கூம்புக்கும் கோட்டுக்கும் நடுவில் ஓடு, அவ்வளவுதான்.

கார்னரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃபிபா கோர்ட்டில் அங்கே மூன்று புள்ளிக் கோட்டுக்கும் ஓரக்கோட்டுக்கும் நடுவில் 90 செ.மீ.தான். முழு வேகத்தில் வந்து பந்தை வாங்கினால் பாதம் வெளியே போய்விடும், அல்லது கோட்டை மிதித்து மூன்று இரண்டாகிவிடும். ஃப்ரீ த்ரோ லைன் உயரத்தைத் தாண்டியதும் கடைசி மூன்று அடியைச் சிறிதாக வைத்து, இடுப்பைத் தாழ்த்தி நிற்கப் பழக்குங்கள். பந்தில்லாமல் இதை மட்டும் பத்துப் பத்து முறை செய்யவைப்பது பார்க்க அசட்டுத்தனமாக இருக்கும். செய்யவையுங்கள்.

ரிம் ரன்னருக்கு ஒரு வேலைதான்: ஒரு கூடையிலிருந்து இன்னொரு கூடைக்கு நேர்க்கோடு. பந்து வராவிட்டாலும் அவர் ஓடுவதால் ஒரு தடுப்பாளர் கூடைக்கடியில் இழுபடுவார். அதனால்தான் டிரைலர் தனியாக நிற்பார். இந்த ஓட்டத்துக்குக் கைதட்டு கிடைக்காது, ஸ்கோர் ஷீட்டிலும் ஏறாது. நீங்கள்தான் சத்தமாகப் பாராட்ட வேண்டும். பத்து முறை பந்தில்லாமல் ஓடியவருக்கு, பதினொன்றாவது முறை பந்து கொடுக்கச் சொல்லிப் பாயிண்ட் கார்டிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்.

எல்லோருக்கும் பொது: முதல் மூன்று அடி, பந்தைப் பார்க்காத முழு ஓட்டம். அதற்குப் பிறகு உள்பக்கத் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்ப்பது. முதல் மூன்று அடியில் முந்தியவரைப் பிறகு பிடிப்பது கடினம்.

படி 4: பந்து முன்னால் போகட்டும்

எவ்வளவு வேகமான கார்டாக இருந்தாலும், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைவிட எறிந்தால் அது வேகமாகப் போகும். கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டத்தில் பந்து கைக்கு வந்ததும் முதல் வேலையாகத் தரையில் தட்டுவார்கள். கண்ணும் கூடவே தரைக்குப் போகும்.

அதனால் கார்டுக்குக் கொடுக்க வேண்டிய முதல் பழக்கம், தட்டுமுன் பார்ப்பது. வரிசை இப்படி: கூடை, என் பக்க ஓரம், எதிர் ஓரம், டிரைலர். நம்மவர் முன்னால், தனியாக இருந்தால் பாஸ். எறிவது ஓடுபவரின் முதுகுக்கு இல்லை. இரண்டு மூன்று அடி முன்னால், அவர் போய்ச் சேரப்போகும் இடத்துக்கு. ஆரம்பத்தில் பாதிப் பாஸ் வெளியே போகும். அந்தத் தவறுகளுக்குப் பெஞ்சில் உட்கார வைத்தீர்களானால், அடுத்த வாரம் முதல் யாரும் முன்னால் எறிய மாட்டார்கள். என் கணக்கில் தவறு இரண்டு வகை. சரியான ஆளைப் பார்த்து எறிந்து, கை பிசகியது ஒன்று. நான்கு பேர் நிற்கும் இடத்துக்குத் தலையைக் குனிந்து டிரிபிள் அடித்துப் போனது இன்னொன்று. முதலாவதற்கு “நல்ல பார்வை” என்பேன். இரண்டாவதற்குத்தான் பேச்சு.

எண்ணிக்கை நம் பக்கம் இருக்கும்போது

டூ ஆன் ஒன்னில் இருவருக்கும் இடையே நான்கைந்து மீட்டர் விரிவு வேண்டும். பந்து வைத்திருப்பவர் கூடைக்கே போவதாக நம்பி ஓட வேண்டும். தடுப்பாளர் மார்பு தன் பக்கம் திரும்பினால் பாஸ், திரும்பாவிட்டால் லே-அப். பெரும்பாலும் கெடுவது பாஸை மிகச் சீக்கிரம் கொடுப்பதால். சீக்கிரம் கொடுத்தால் தடுப்பாளர் ஒரே அடியில் அடுத்தவரிடம் போய்விடுவார்.

த்ரீ ஆன் டூவில் பழைய பாடம், பந்து நடுவில் வந்து ஃப்ரீ த்ரோ லைனில் நிற்க வேண்டும் என்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நின்றால் பின்னால் துரத்தி வருபவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. யாராவது தடுக்கும்வரை கூடைக்குப் போ; முன்னால் நிற்பவர் உன்னைத் தடுத்தால் பந்தை ஓரத்துக்குக் கொடு; பின்னால் நிற்பவர் அந்த ஓரத்துக்கு ஓடினால் எதிர் ஓரம் காலி. ஒரு பாஸ், அதிகபட்சம் இரண்டு. மூன்றாவது பாஸுக்கு வந்தால் அது த்ரீ ஆன் டூ இல்லை, எதிரணி ஐந்து பேரும் வந்துவிட்டார்கள்.

காலடி விதியும் இங்கே உதவும். ஃபிபா 2017-இல் செய்த மாற்றத்துக்குப் பிறகு, ஓடிக்கொண்டே பந்தை வாங்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது. அதற்குப் பிறகு இரண்டு அடி வைக்கலாம். பழைய பழக்கத்தில் வளர்ந்த கோச்சுகள் இன்னும் அதை டிராவலிங் (பந்தோடு கூடுதல் அடி வைக்கும் தவறு) என்று கத்துவதைப் பார்த்திருக்கிறேன். வேகம் குறையாமல் வாங்கி அப்படியே லே-அப் போக இந்த அடியைத் தனியாகப் பயிற்சி கொடுங்கள்.

படி 5: எல்லோரும் திரும்பி வந்துவிட்டால்

இங்கேதான் பெரும்பாலான அணிகள் நிற்கின்றன. இங்கேதான் பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி போக வேண்டும். முதல் ஓட்டத்தில் லே-அப் கிடைக்கவில்லை. சரி, எதிரணி எப்படி இருக்கிறது? ஐந்து பேரும் கூடையைக் காக்கப் பின்வாங்கி உள்ளே குவிந்திருக்கிறார்கள். சிலர் பின்னோக்கி ஓடுகிறார்கள். தன் ஆள் இல்லாத வேறொருவரைப் பிடித்துக்கொண்டு, “உன் ஆளைப் பிடி” என்று விரல் நீட்டிக்கொண்டிருக்கிறார் ஒருவர். இந்தக் குழப்பம் மூன்று நான்கு நொடிதான் இருக்கும்.

இதற்கு மூன்று தொடர்ச்சிகள் போதும். மூன்றுமே டிரைலரிடமிருந்து பிறக்கின்றன.

முதலாவது, பக்கம் மாற்றுவது. பந்து ஒரு ஓரத்தில் அடைபட்டால் பின்னால் வரும் டிரைலருக்குக் கொடுத்து, அவர் நிற்காமல் எதிர் ஓரத்துக்கு அனுப்புகிறார். தடுப்பு முழுவதும் நகர்ந்தே ஆக வேண்டும். நகரும்போது பிளவு வரும். டிரைலரே தனியாக இருந்து, எறியவும் தெரிந்தால் எறியலாம்.

இரண்டாவது, டிராக் ஸ்கிரீன். டிரைலர் ஓடி வரும் வேகத்திலேயே பந்து வைத்திருப்பவரின் தடுப்பாளருக்கு ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது அவர் வழியில் உடம்பை வைத்து மறைக்கிறார். இது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்றால், டிரைலரைப் பிடிக்க வேண்டியவர் அந்த நேரம் கூடைக்கடியில் இருக்கிறார். உதவிக்கு மேலே வர அவருக்கு நேரமில்லை. ஸ்கிரீன் வைப்பவர் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும், நகர்ந்துகொண்டே மோதினால் ஃபவுல். அந்தக் கணம் முடிந்ததும் கூடைக்கு ஓட வேண்டும். தடுப்பாளர் தொட முடியாமல் தப்பிவிட்டாலும் பரவாயில்லை, ஸ்கிரீன் போடாமலே கூடைக்கு வெட்டி ஓடலாம்.

மூன்றாவது, கொடுத்துவிட்டுப் பின்தொடர்வது. கார்டு ஓரத்துக்குப் பாஸ் கொடுத்து அதே பக்கம் ஓடுகிறார். ஓரத்தில் இருப்பவர் கைக்குக் கை பந்தைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது கொடுப்பதுபோல் காட்டித் தானே உள்ளே புகலாம். இளம் அணிகளுக்கு மூன்றில் இதுதான் முதலில் பிடிபடுகிறது.

எது எப்போது என்று நீங்கள் சொல்லக் கூடாது. டிரைலரும் பந்து வைத்திருப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து முடிவெடுக்க வேண்டும். முதல் மாதம் அபத்தமாக இருக்கும், இருவரும் மோதிக்கொள்வார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோடு இரண்டு பொது விதிகள். பந்து கைக்கு வந்த அரை நொடிக்குள் முடிவு: எறி, புகு, அல்லது கொடு. பந்தைப் பிடித்துக்கொண்டு யோசிப்பதுதான் தடுப்பாளர்களுக்கு நாம் தரும் பரிசு. இன்னொன்று, யாராவது உள்ளே புகுந்தால் மற்ற நால்வரும் நகர வேண்டும். புகுபவர் வலப்பக்கம் போனால் அந்தப் பக்கக் கார்னரில் இருப்பவர் அங்கேயே நின்று கையைக் காட்டுவார், மேலே இருப்பவர் புகுபவர் விட்டுவந்த இடத்துக்குப் பின்னால் வருவார், கூடைக்கடியில் இருப்பவர் பேஸ்லைனை ஒட்டி எதிர்ப்பக்கம் விலகுவார், எதிர்க் கார்னர் தன் தடுப்பாளரின் கண்ணில் படாத இடத்துக்கு நழுவுவார். இதை வெள்ளைப் பலகையில் விளக்க முயன்று நான் தோற்றிருக்கிறேன். கோர்ட்டில் நடந்தே காட்டுங்கள்.

படி 6: பயிற்சியை ஆட்டமாக்குங்கள்

தடுப்பே இல்லாமல் ஐந்து பேர் ஓடிப் போய் லே-அப் போட்டுத் திரும்புவது கண்ணுக்கு அழகு. ஐந்து நிமிடத்துக்கு மேல் செய்யாதீர்கள். அதில் ஓடும் தடம் வரும், பார்வை வராது. எதிரே யாரும் இல்லாதபோது எதைப் பார்ப்பது?

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி தாமதத் தடுப்பு. நான்கு பேர் பேஸ்லைனில், அதாவது கடைக்கோட்டில், நிற்கிறார்கள். அவர்களைப் பார்த்தபடி ஃப்ரீ த்ரோ லைன் உயரத்தில் இன்னும் நான்கு பேர். நீங்கள் பேஸ்லைனில் இருக்கும் ஒருவருக்குப் பந்தை எறிகிறீர்கள். அவருக்கு நேர் எதிரே நிற்பவர் பேஸ்லைனைத் தொட்டுவிட்டுத்தான் துரத்தலாம். ஆக, சில நொடிகளுக்கு ஃபோர் ஆன் த்ரீ; பிறகு நான்காவது ஆள் வந்து சேர்கிறார். அவர் வருமுன் கூடை விழுந்தால் முதல் அலை. வந்துவிட்டால் நிற்காமல் படி 5-க்குள் போக வேண்டும். இதை ஃபைவ் ஆன் ஃபைவாக வளர்க்கலாம். இருவரைக் கோட்டைத் தொடச் சொல்லலாம். ஒரே பயிற்சிக்குள் முழு விஷயமும் அடங்கிவிடுகிறது.

பதினொருவர் பயிற்சி பழையது, இன்றும் தேயாதது. மூவர் இருவரைத் தாக்குகிறார்கள். ஷாட் போனதும் அந்த ஐந்து பேரும் பந்துக்குப் போராடுகிறார்கள். எடுத்தவர், இரண்டு ஓரத்திலும் காத்திருக்கும் அவுட்லெட் ஆட்களில் ஒருவருக்குக் கொடுத்து, அந்த இருவரோடு சேர்ந்து எதிர்முனைக்கு ஓடுகிறார். அங்கே புதிதாக இருவர் தடுக்கக் காத்திருக்கிறார்கள். மிஞ்சிய நால்வரில் இருவர் அடுத்த தடுப்பு, இருவர் அடுத்த அவுட்லெட். எட்டு நிமிடம் போனால் தனியாக ஓட்டப்பயிற்சியே வேண்டாம்.

கடைசியாக முழு ஆட்டம், ஆனால் புள்ளிக் கணக்கை மாற்றி. முதல் 6 நொடிக்குள் லே-அப் என்றால் 3 புள்ளி என்று வையுங்கள். இன்னொரு நாள், நம் பாதிக் கோர்ட்டில் ஒரே ஒரு டிரிபிள்தான் அனுமதி என்று வையுங்கள். பாஸ் தானாக முன்னால் போகும். விதியை மாற்றினால் பிள்ளைகள் தாங்களே வழி கண்டுபிடிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு விதிதான்.

படி 7: கோச் வாயை மூடுவது

இதைத் தனிப் படியாகவே எழுத வேண்டியிருக்கிறது, எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. பந்து ஓடும்போது நீங்கள் “பாஸ்! பாஸ்!” என்று கத்தினால், அடுத்த முறை அந்தப் பெண் உங்கள் குரலுக்குக் காத்திருப்பாள். பழைய கதைதான், விரலுக்குப் பதிலாகக் குரல். பயிற்சியில் ஆட்டம் நடக்கும்போது விசிலைப் பாக்கெட்டில் போடுங்கள். நின்ற பிறகு கேளுங்கள்: “அப்போது என்ன பார்த்தாய்?” பதில் “யாரையும் பார்க்கவில்லை” என்றால் அடுத்த நாள் வேலை அது. “அவளைப் பார்த்தேன், ஆனால் பயமாக இருந்தது” என்றால் வேலை வேறு.

ஆட்களை மாற்றுவதில் மட்டும் தாராளமாக இருங்கள். களைத்தவர் ஓட மாட்டார், ஓடாத ஒருவர் ஐந்து பேரின் இடத்தையும் கெடுப்பார். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். கையைத் தூக்கிக் களைப்பு என்று சொன்னவரைக் குறை சொல்லாமல், மூச்சு வந்ததும் திரும்ப அனுப்பினால் அடுத்த முறையும் உண்மை சொல்வார்.

படி 8: பின்கதவு

டென்வர் கதையை மறக்க வேண்டாம். நாம் ஓடினால் எதிரணியும் ஓடும். நம் ஷாட் போகும்போதே இருவர் திரும்ப வேண்டும்: கார்டு நம் கூடைப்பக்கம், டிரைலர் நடுக்கோடு வரை. மற்ற மூவர் ரீபவுண்டுக்கு. ஷாட் எறிந்தவரே கார்டாக இருந்தால் அருகில் இருக்கும் ஓரத்தவர் அவர் இடத்துக்குத் திரும்புவார். இதைச் சொல்லாமல் விட்டால் அங்கேதான் அடி விழும்.

நீங்கள் நன்றாக ஓட ஆரம்பித்ததும் எதிரணி வேண்டுமென்றே பிடித்து இழுக்கும். ஓட்டத்தை நிறுத்துவதற்காகவே செய்யும் தேவையற்ற ஃபவுலுக்கு ஃபிபாவில் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் கொடுக்கலாம். இரண்டு ஃப்ரீ த்ரோவும் பந்தும் நமக்கு. என்.பி.ஏ.வும் 2022-23 முதல் இதற்கு ஒரு ஃப்ரீ த்ரோவும் பந்தும் தருகிறது. விதி தெரிந்த கேப்டன் நடுவரிடம் மரியாதையாகக் கேட்கலாம். இழுத்தாலும் கூடைவரை போய்ப் பழகியவருக்கு நடுவரின் கண்ணும் அதிகம் விழும்.

படி 9: எதை எண்ணுவது

மூன்று எண்ணிக்கை போதும். பெஞ்சில் இருக்கும் ஒருவரே எழுதிவிடலாம். பந்து நடுக்கோட்டைக் கடக்கும்போது 24 நொடிக் கடிகாரம் என்ன காட்டியது. 20-க்கு மேல் இருந்தால் எனக்குத் திருப்தி. முன்னால் எறிந்த பாஸ் எத்தனை, சேர்ந்தாலும் சேராவிட்டாலும். முதல் 8 நொடிக்குள் எறிந்த ஷாட்டுகள் எத்தனை, அவற்றில் வந்த புள்ளி எத்தனை. மூன்றாவதில் வந்த புள்ளியை ஷாட்டின் எண்ணிக்கையால் வகுத்து, அரைக்கோர்ட் ஷாட்டுகளோடு ஒப்பிடுங்கள். சீக்கிர ஷாட் குறைவாகத் தந்தால் படி 1-க்குத் திரும்ப வேண்டும். அதிகமாகத் தந்தும் இரண்டாவது எண் சிறியதாக இருந்தால், இன்னும் பயந்து ஆடுகிறார்கள்.

முதல் நான்கைந்து ஆட்டத்தில் பந்தை இழப்பது கூடும், தோல்வியும் வரலாம். அதைப் பெற்றோரிடமும் நிர்வாகத்திடமும் முன்பே சொல்லிவிடுங்கள், பின்னால் சொன்னால் சாக்குப்போல இருக்கும்.

கடைசி இரண்டு நிமிடம், நாம் ஆறு புள்ளி முன்னால் என்றால் என்ன செய்வது என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஓட்டம் அப்படியே, விரிவு அப்படியே, படி 1-இன் பட்டியலில் மட்டும் த்ரீயை அடித்துவிடுங்கள். லே-அப் கிடைத்தால் போடு, இல்லையென்றால் டிரைலருக்குக் கொடுத்துப் பக்கம் மாற்றிக்கொண்டே இரு. இதையும் பயிற்சியில் ஆறு புள்ளி முன்னால் என்று பலகையில் எழுதி, இரண்டு நிமிடம் வைத்து, வாரம் ஒருமுறை ஆடிப் பார்த்துவிடுங்கள். அப்போதும் கையைத் தூக்க வேண்டாம்.